தீர்த்தகிரியின் கழுத்துப் படம்

கிருஷ்ணகிரி போலீஸ் நிலையம், 14.8.1968, மாலை 4 மணி.

என் பெயர் ஜெபராஜ். தகப்பனார் பெயர் தேவசகாயம். வயது 34. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருக்கிறேன். இவ்வூரிலுள்ள தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து வருகிறேன்.

இன்று காலை பத்து மணி சுமாருக்கு, குந்தாரப்பள்ளியைச் சேர்ந்த தீர்த்தகிரி, வயது சுமார் 40, தன் மனைவி வெங்கடம்மாளுடன் நடந்தே வந்தார். மூன்று நாளைக்கு முன் வைக்கோல் வண்டியின் மேலிருந்து தலைகுப்புற விழுந்ததாகச் சொன்னார். இரண்டு கைகளாலும் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தார். டாக்டர் கோவிந்தன் பார்த்து, கழுத்துக்குப் படம் எடுக்கச் சீட்டு எழுதினார். அதன்பின் நான் அவரை மேசையில் படுக்கவைத்து, நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். டாக்டர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "முறிவு தெரியல. குனியவச்சு ஒண்ணு, நிமித்தி ஒண்ணு எடுக்கணும். நான் பக்கத்துல நிக்கணும், நான் வர்ற வரைக்கும் தொடாதப்பா" என்றார். இதை அவர் சீட்டில் எழுதவில்லை. அப்போது எங்களுடன் வேறு யாரும் இல்லை.

அதன்பின் டாக்டரைப் பிரசவக் கேஸ் ஒன்றுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். நானே எடுத்துவிடலாம் என்று எண்ணி, தீர்த்தகிரியை முக்காலியில் உட்காரவைத்துக் கைகளை எடுக்கச் சொன்னேன். அவர், "கைய எடுத்தா தலை உழுந்துடும் போல இருக்குதுங்க" என்றார். "அதெல்லாம் உழாது, எடு" என்றேன். எடுத்தார். குனியச் சொன்னேன். அவருக்குக் குனிய வரவில்லை. பின்னந்தலையில் கைவைத்து அழுத்தினேன். முதலில் விறைப்பாக இருந்தது. அதன்பின் தடையே இல்லாமல் முன்னால் போனது. நான் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினேன். எட்டிப் பார்த்தபோது அவர் சரிந்து தரையில் விழுந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. மூச்சு வரவில்லை. கூச்சல் போட்டேன். டாக்டர் ஓடிவந்து செய்ததெல்லாம் பலிக்கவில்லை.

அதன்பின், யாரும் சொல்லாமலே, இருட்டறைக்குப் போய் அந்தப் படத்தைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. மண்டையோட்டை அடுத்த முதல் எலும்பு, இரண்டாவது எலும்பின் மேலிருந்து விரற்கடை அளவு முன்னால் நழுவியிருந்தது. படுக்கவைத்து எடுத்த படத்தில் அது ஒழுங்காக இருந்தது. ஈரம் காயுமுன் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் நின்றிருந்த வெங்கடம்மாள் என்னைப் பார்த்து, "போட்டா புடிக்கத்தானே சார் உள்ள கூட்டிக்கினு போனீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னபடி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. நடந்தது இதுவே.

(ஒப்பம்) தே. ஜெபராஜ்