வெள்ளைக் குட்டிகள்

— அங்கயே நில்லு ஆதி, உள்ள வராத. புது ஆளப் பாத்தா இந்தப் பெர்சியன் பூனை கட்டிலுக்கடியில பூந்துக்கும். அப்பால சிக்கு எடுக்க முடியாது.

— கட்ன பொண்டாட்டிய வாசல்ல நிறுத்திட்டு பூனைக்குத் தல வாரிகினு கீற. நல்லாத்தான் கீது.

— பொழப்பு. தெனம் வாரணும். உப்புக் காத்துல மயிரு சட சடயா திரிச்சிக்குது. மூக்கு வேற சப்ப, மூச்சு வுடவே அதுக்குக் கஷ்டம். நீ எப்டி வந்த?

— கடப்பாக்கத்துலேர்ந்து உப்புப் படகுல. கால்வாய் முச்சூடும் குந்திகினே வந்ததுல இடுப்பு வுட்டுப்போச்சி. புள்ளைக்குக் காது குத்தறோம். அப்பன் வருவான் வருவான்னு தள்ளிகினே போயாச்சி. இனிமே தள்ள முடியாது.

— உங்கண்ணன் கீறானே. மாமன் மடியிலதான குத்துவாங்க.

— மடி கீது. அப்பன் எங்கன்னு ஊரு கேக்கும். நான் இன்னா சொல்லட்டும்?

— இரு, இந்தச் சிக்க எடுத்துக்கறேன்.

— இப்டியே பேச்ச மாத்திகினு அஞ்சு வருசம் ஓட்டிட்ட. பொண்ணு செவப்பாப் பொறந்திச்சின்னு, ஈரம் காயறதுக்குள்ள எங்கள படகேத்தி வுட்ட. இந்த வூட்டுத் தொர மேல சந்தேகம். ஆனா தொர வூட்டுச் சோறு மட்டும் ஒனக்கு எறங்குது.

— தொர செத்துட்டாரு ஆதி. தொரசாணி மட்டுந்தான். வெள்ளக்காரன்லாம் கப்பலேறியாச்சி, பூனைங்கள வுட்டுட்டு எங்க போறதுன்னு இவ இங்கயே குந்திகினு கீறா.

— இன்னாது, உள்ள கொழந்த அழுவுது?

— கொழந்தயா! அது சயாம் பூனை. அந்த ஜாதிக்குக் கொரலே அப்டித்தான், ஓயவே ஓயாது. அதோ பாரு. ஒடம்பு பாலேடு கணக்கா, மூஞ்சி, காது, காலு, வாலு மட்டும் கரி பூசுனா மாதிரி. கண்ணு நீலம். குட்டி போட்டுக் கீது.

— குட்டிங்களுக்கும் அதே கரி மூஞ்சியா?

— அதான் பேஜாராப் பூடுச்சி. போட்டதெல்லாம் சுத்த வெள்ள. மெட்ராஸ்லேர்ந்து கொண்டாந்து ஜோடி சேத்த கடுவனுக்கும் கறுத்த மூஞ்சிதான், குட்டி எங்கேர்ந்து வெள்ளயா வரும்? குப்பத்து வெள்ளக் கடுவன் ஒண்ணு மீனுக்காவ இங்க சுத்திகினு கெடக்கும். அதுங்கூடப் போயிட்சின்னு நெனச்சேன். ஜாதி கெட்டுச்சின்னா தொரசாணி என்னத் தொரத்திடுவா. ஆத்தரத்துல தாயையும் குட்டிங்களயும் கோழிக் கொட்டாயில போட்டுப் பூட்டிட்டேன்.

— பூனையயுமா சந்தேகப்பட்ட? சொல்லு, சொல்லு. அப்பால?

— தொரசாணி பாத்துட்டுச் சிரிச்சா. "சடையா, இந்த ஜாதி பொறக்கசொல்லோ வெள்ளதான். தாய் வவுத்துச் சூடு போனப்பறம், குளுமை படற எடம்லாம் தன்னால கறுக்கும்"னா. அதே மாதிரி காது நுனியெல்லாம் இப்பக் கறுத்துகினு வருது.

— தாய இன்னா பண்ண?

— கதவத் தொறந்து பால் வச்சேன்.

— குடிச்சிதா?

— மூஞ்சத் திருப்பிகிச்சி. அப்பால பசி தாங்காம குடிச்சிது.

— ம்.

— ஆதி.

— இன்னா.

— அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அந்தக் குட்டிங்களப் பாக்கசொல்லோ நம்ம பொண்ணுதான் நெனப்புல வருது. பொறந்த நெறம் நிக்காதுன்னு அப்ப ஒருத்தனும் எனக்குச் சொல்லல. காதுகுத்துக்கு நான் வரேன். முடிஞ்ச கையோட ரெண்டு பேரையும் கூட்டிகினு வந்துடறேன்.

— நெசமாவா?

— நெசமா. இந்நேரம் நல்லா கறுத்திருக்கும், இல்ல? என்ன மாதிரி.

— இல்ல. இன்னும் அதே செவப்புதான். இப்பச் சொல்லு, வரியா?