வேர்க்கடலை வண்டியும் தொப்பி கழற்றிய தம்பிகளும்

ஒரு சின்ன சம்பவம் இருக்கு, சொல்லிடறேன். பின் வரிசையில வாட்ச்சைப் பார்க்கிற பிரதர்... பயப்படாதீங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருவேன்.

நம்ம சபை முன்னோடிங்க கதை தெரியும்தானே? நூத்தம்பது வருஷத்துக்கும் முந்தி, அமெரிக்காவுல, மாடு வாங்க வழியில்லாம கைவண்டியில சாமானை ஏத்தி, தாங்களே இழுத்துக்கிட்டு மலை தாண்டிப் போனாங்க. அதை நம்ம வாலிபப் பிள்ளைங்க நடிச்சுப் பார்க்கணும்னு வாலிபப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பா இருக்கிற சிஸ்டர் எப்சிபா ஏற்பாடு பண்ணாங்க. எங்க? மதுக்கரை தாண்டி ஒரு கரட்டுல, சின்னப் பாறைக் குன்றுல!

கைவண்டிக்கு எங்க போறது? ஒரு தள்ளுவண்டி கிடைச்சுது. பக்கவாட்டுலயும் பின்னாடியும் ‘சூடான வறுத்த வேர்க்கடலை’ன்னு பெயின்ட்ல பெரிசா எழுதியிருக்கு. பொண்ணுங்களுக்குத் தலைக்குல்லா நைட்டித் துணியில தைச்சாச்சு. பையன்களுக்குத் தொப்பி? ஊட்டியில வாங்கினது. ‘ஐ லவ் ஊட்டி’! எப்படி இருக்கு நம்ம முன்னோடிங்க?

படம் எடுக்க வந்தவரு தனக்கோடி. போத்தனூர்க்காரரு. கல்யாண போட்டோகிராபர். நம்ம சபையும் தெரியாது, கதையும் தெரியாது. சிஸ்டர் அவரைத் தனியாக் கூப்பிட்டாங்க. “பிரதர், மத்த படம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பொண்ணுங்க மட்டும் வண்டியை மேட்டுல ஏத்துற படம்... அது ஒண்ணு எனக்குக் கட்டாயம் வேணும். ஒரு வருஷமா அதுக்காகத்தான் அலையறேன்.”

ஏன் பொண்ணுங்க மட்டும்? அந்தக் காலத்துல ஆம்பளை இல்லாத குடும்பத்துல பொம்பளைங்களே வண்டி இழுத்தாங்க. அவங்க நினைவா, பையன்கள் ரெண்டு பக்கமும் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சு, மரியாதையா, அமைதியா நிக்கணும். கை வைக்கக் கூடாது. இதான் வழக்கம். இதைத் தனக்கோடிகிட்ட யாராச்சும் சொன்னாங்களா? சொல்லலை!

வண்டியில அரிசி மூட்டை, தண்ணி கேன். பொண்ணுங்க இழுக்குதுங்க. நம்மாளு கேமராவோட முன்னாடி வந்து, “அம்மணிங்களா, இங்க பாருங்க... கொஞ்சம் சிரிங்க... ஆங், அப்படியே நில்லுங்க!”

மேட்டுல எப்படிங்க நிக்கிறது?

பின்னாடி தள்ளுன பெனினா, நீளப் பாவாடையை மிதிச்சு சறுக்கிட்டா. “அண்ணா... வண்டி பின்னால வருது!”

“சூப்பரு கண்ணு! நல்லா நடிக்கிறே! அப்படியே இரு!”

“அண்ணா... நடிக்கலைண்ணா!”

லென்ஸைத் திருகி பெனினா முகத்தைக் கிட்டத்துல பார்த்தாரு. கண்ணுல தண்ணி. வண்டி நிஜமாவே புள்ளை மேல இறங்குது... ரெண்டு பக்கமும் பையன்கள் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு சிலையாட்டம் நிக்கிறானுங்க!

“அடப் பாவிகளா!” கேமராவை ஒரு புதருக்குள்ள போட்டாரு. ஒரே ஓட்டம். வண்டிக்குத் தோளைக் குடுத்து, ‘வேர்க்கடலை’ மேல கன்னத்தை வச்சு, மூச்சைப் பிடிச்சு, மேட்டுல ஏத்திட்டுத்தான் விட்டாரு. பெனினாவுக்கு முழங்கால் சிராய்ப்போட போச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

சிஸ்டர் மூச்சிரைக்க வந்தாங்க. “பிரதர்... என் படம்?”

“ஏனுங்க சிஸ்டர், நான் படத்தைப் பார்க்கறதா, புள்ளையைப் பார்க்கறதா?”

பாவம், சிஸ்டருக்கு அழுகையே வந்திருச்சு. அந்தக் கோவத்துல பையன்கள் பக்கம் திரும்பினாங்க. “அவ விழறதைப் பார்த்துக்கிட்டு ஏண்டா நின்னீங்க?”

“நீங்கதானே சிஸ்டர் அசையக் கூடாதுன்னீங்க? மரியாதையா நின்னோம்!”

தனக்கோடி வேர்வையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு. “ஏந்தம்பி, நீ மரியாதையா நின்னே, சரி. உன் மரியாதை வண்டியைத் தாங்குச்சா?”

பொண்ணுங்க சிரிச்ச சிரிப்பு மதுக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். சிஸ்டரும் அழுதுக்கிட்டே சிரிச்சுட்டாங்க. படம்? கடைசி வரைக்கும் இல்லை!

சரி... சிரிச்சாச்சு. இப்ப ஆம்பளைங்க கொஞ்சம் என்னைப் பாருங்க. அந்தப் பையன்களைத் திட்டாதீங்க. அவனுங்க எங்க கத்துக்கிட்டானுங்க? நம்மகிட்ட! அன்னையர் தினம் வந்தா பூ குடுக்கறோம். மேடையில நின்னு, “பெண்கள் தெய்வத்தின் கொடை”ன்னு கண்ணு கலங்கப் பேசறோம். நானும் பேசியிருக்கேன், நல்லாவே பேசுவேன்! வீட்டுக்குப் போய்? தட்டுலயே கை கழுவறோம்! தொப்பியைக் கழட்டுறது நல்ல பழக்கம்தான்... ஆனா கழட்டுன தொப்பியைக் கீழ வச்சாத்தானே கை காலியாகும்?

காலையில இருந்து நாம இங்க ஃபேன் அடியில பாட்டு, ஜெபம், பிரசங்கம். பின்னாடி சமையல்கூடத்துல யாரு? நம்ம சிஸ்டர்ங்க. அந்த சாம்பார் அண்டாவை யாரு தூக்கிட்டு வரப்போறா? பிரதர் அருள்தாஸ், தலையைக் குனியாதீங்க, உங்களைத்தான் கேக்கறேன்!

இப்ப எல்லாரும் ஆமென் சொல்லுவீங்க. சொல்லுங்க. ஆனா உக்காந்துக்கிட்டு சொல்லாதீங்க பிரதர்... எந்திரிச்சு, அந்தக் கதவு பக்கம் நடந்துக்கிட்டே சொல்லுங்க. மைக்கை அணைங்கப்பா, நானும் வரேன்.