முட்டம் வளைவில் ஒரு பந்தயப் படம்

முட்டத்துக் கடற்காற்றில் எண்ணெய் வர்ணம் லேசில் காயாது. அதனால் படத்தைத் தொடாமல் பாருங்கள், இன்ஸ்பெக்டர் எஜமான். மற்றதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் மோட்டார் பந்தயங்களை வரைகிறவன். பந்தயம் எதையும் நேரில் பார்த்ததில்லை. மிஷன் பங்களாவில் கழித்துப்போட்ட சீமைப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் வரைந்தேன். செல்வதாஸ் முதலாளி தன் புதிய மோட்டார் கொட்டகைக்குப் பெரிய படமொன்று கேட்டிருந்தார். அவருடைய டிரைவர் தங்கப்பன், என் நெருங்கிய கூட்டுக்காரன், நான் வரைந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

“மக்கா, உனக்க காறு ஓடலியே. கெட்டிப்போட்ட மாடு கணக்கா நிக்குல்லா.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது சரி. மறுநாள் முதலாளியின் திறந்த காரில் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் விரட்டினான். தென்னைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டினார்கள். இறங்கிய பிறகும் தரை ஓடிக்கொண்டிருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வருகிறவரை சிரித்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து வரைந்தால் மறுபடியும் மாடுதான். ஓடும் வண்டியில் எல்லாமே ஓடுவதால் கண்ணுக்கு எதுவும் பிடிபடுவதில்லை. மற்றதெல்லாம் நின்று, சக்கரம் மட்டும் சுழன்றால் பிடிபடும் என்று தோன்றியது.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சாலை சட்டென்று திரும்புகிறது. சரிவின் விளிம்பில் வெள்ளையடித்த கற்கள். அந்தியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவைதான் அடையாளம். அவற்றுக்குச் சாலையின் செம்மண் நிறத்தையே தீட்டினேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது நானே ஏமாந்தேன். அவ்வளவு நல்ல வேலை. பிறகு தங்கப்பனிடம், அந்தி வெளிச்சத்தில் உன்னால் முடிந்த வேகத்தில் வா, வளைவில் நின்று வரைகிறேன் என்றேன். எனக்காக வந்தான். என்னைப் பார்த்துக் கையை வேறு அசைத்தான்.

கார் சரிவில் கவிழ்ந்து அவன்மேல் கிடந்தது. சக்கரம் சுழன்றது. என் தூரிகையும் ஓடியது. அதே கிறுகிறுப்பு, அதே கிச்சுகிச்சு. சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மக்கா, ஒண்ணு தூக்கு,” என்றான்.

கொஞ்சம் பொறு என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

அதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. நான் அவன் பக்கத்தில் போகவேயில்லை என்று ஊரில் சொல்கிறார்களாம். பொய். இறங்கிப் போனேன். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து வரைந்தேன். அது நிற்க நிற்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவன் கூப்பிட்டான். கடைசித் தடவை ஒன்றும் சொல்லவில்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பான். என் படம் நன்றாக வரவேண்டும் என்பதில் என்னைவிட அவனுக்குத்தான் அக்கறை.