பால்காரர் வீட்டுக் கடலைப்பால்

மேனகா: ...அத நான் கேக்கல. துணியில போட்டு என்னாத்தப் புழியறன்னு கேட்டேன்.

ஐஸ்வர்யா: கடலைங்க்கா. ராத்திரியே ஊறப் போட்டு, தோல் எடுத்து, மிக்ஸியில அரைச்சேன். இப்ப பாலு எடுக்கறேன்.

மேனகா: கடலையில பாலு! பின்னாடி கொட்டாய்ல பன்னெண்டு மாடு கட்டியிருக்குது. சுத்துப்பட்டு ஊர்ப் பாலெல்லாம் நம்ம வாசல்ல வந்துதான் வண்டி ஏறுது. இந்த வூட்டுச் சின்ன மருமவ மட்டும் கடலைக்கு மடி தேடறா.

ஐஸ்வர்யா: சிரிங்க, சிரிங்க. அந்த டீ வடிகட்டிய எடுங்க.

மேனகா: இதென்னடி பச்சப் பொடி? முருங்கக்கீரைய இடிச்சு வெச்சிருக்கியா?

ஐஸ்வர்யா: மாட்சாங்க்கா. ஜப்பான் டீத்தூளு. எலையவே மாவா அரைச்சிருவாங்க. வடிகட்டிட்டு எலையத் தூக்கிப் போடற வேலை இல்ல, எலையோடவே குடிக்கறது.

மேனகா: நம்ம மாடும் எலையோடதான் திங்குது. அது ஜப்பானுக்குப் போனதில்ல.

ஐஸ்வர்யா: அய்யோ, கொதிக்கற தண்ணி ஊத்தாதீங்க! கசந்துரும். கொஞ்சம் ஆறட்டும்.

மேனகா: டீக்கு ஆறுன தண்ணியா? நம்ம அதியமான்கோட்டை பைபாஸ் டீக்கடையில போட்டுக் குடுத்துப் பாரு, டம்ளரத் திருப்பி உன் மேலயே ஊத்துவாங்க.

ஐஸ்வர்யா: சலிச்சுப் போடலன்னா கட்டி கட்டியா நின்னுரும். இதக் கலக்கறதுக்குன்னே மூங்கில் பிரஷ் ஒண்ணு இருக்குது. பெங்களூர்ல நான் வேலை பாத்த கஃபேல...

மேனகா: வந்துருச்சுடா பெங்களூரு! கல்யாணமாயி அஞ்சு மாசம் ஆவுது, அந்தக் கஃபேய இன்னும் எறக்கி வெக்கல. இப்ப எதுல கலக்கற?

ஐஸ்வர்யா: ...மோர் கடையற மத்துலதான்.

மேனகா: அப்புடி வா வழிக்கு.

ஐஸ்வர்யா: இப்பப் பாருங்க. அடியில வெல்லப்பாகு. மேல ஐஸு. அப்பறம் கடலைப்பாலு. கடைசியா பச்சைய மெதுவா... கரண்டி மேல ஊத்துனா தனித்தனியா நிக்கும். பாத்தீங்களா? அழகா இருக்குதில்ல?

மேனகா: கட்சிக் கொடி மாதிரி இருக்குது. எந்தக் கட்சின்னுதான் தெரியல.

ஐஸ்வர்யா: குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.

மேனகா: ம்ம்... ஏரிப் பாசியில வெல்லத்தப் போட்டு ஐஸ் வெச்ச மாதிரி இருக்குது.

ஐஸ்வர்யா: அப்பறம் எதுக்கு அரை டம்ளரக் காணோம்?

மேனகா: ஐஸு உருகியிருக்கும். சரி, விசயத்துக்கு வரேன். போன வாரம் இதையேதான் ரீலு எடுத்துப் போட்டியா?

ஐஸ்வர்யா: ஆமாங்க்கா. பாத்தீங்களா? ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க!

மேனகா: அந்த ரெண்டு லட்சத்துல தமிழ்மணியும் ஒருத்தன். நமக்குப் போட்டியா பால் எடுக்கறானே, அவன்தான். பால் யாவாரிங்க வாட்ஸ்அப் குரூப்ல தூக்கிப் போட்டு, கீழ எழுதியிருக்கான். 'முனிராஜ் அண்ணன் வூட்டு மருமவளே அவரு பாலக் குடிக்கறதில்ல, நீங்க எதுக்குடா குடிக்கறீங்க'ன்னு.

ஐஸ்வர்யா: அய்யய்யோ... மாமா பாத்துட்டாரா?

மேனகா: காலையில இருந்து சோறு எறங்கல மனுசனுக்கு. என்னைக் கூப்புட்டு, 'பெரியவளே, நீ போய்ப் பேசு'ன்னு அனுப்பியிருக்காரு. சாயங்காலத்துக்குள்ள நீ இன்னொரு ரீலு போடணும். இதே பச்சத் தண்ணிய நம்ம பாலுல கலக்கி, கேமரா முன்னாடி மடக்கு மடக்குன்னு குடிக்கணும். 'எங்க வூட்டுப் பாலுல போட்டாத்தான் ருசி'ன்னு சொல்லணும்.

ஐஸ்வர்யா: அந்த ரீல அழிச்சுடறேங்க்கா.

மேனகா: அழிச்சா பத்தாது. குடிக்கணும்.

ஐஸ்வர்யா: அது... எனக்குப் பாலு குடிச்சா மூஞ்சியெல்லாம் பரு வருதுங்க்கா.

மேனகா: எங்க, ஒரு பருவக் காட்டு பாப்பம்.

ஐஸ்வர்யா: இப்பக் குடிக்கறதில்லயே, அதான் இல்ல.

மேனகா: சரி. குலாப் ஜாமூன்ல என்ன போடறாங்க, சிமெண்டா? புதன்கெழம கலைமணி மவன் கல்யாணத்துல மூணு முழுங்குன. நான் எண்ணுனேன்.

ஐஸ்வர்யா: செரிமானம் ஆவறதில்லக்கா. அன்னிக்குக் கூட வயிறு...

மேனகா: அன்னிக்கு வரும்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டுல குல்ஃபி வேற சாப்ட்ட. அது வயித்துக்குள்ள போவலயா, சேலைக்குள்ள போச்சா?

ஐஸ்வர்யா: சரி, நெசத்தச் சொல்றேன். மாட்டப் பாத்தா பாவமா இருக்குது. கன்னுக்குட்டி குடிக்க வேண்டியத நாம புடுங்கிக் குடிக்கறமில்ல...

மேனகா: ஞாயித்துக்கெழம ஆட்டு நெஞ்செலும்பக் கடிக்கும்போது கன்னுக்குட்டி ஞாபகம் வரலயா கண்ணு?

ஐஸ்வர்யா: அந்த வடிகட்டியக் குடுங்க, கழுவி வெக்கறேன்.

மேனகா: கல்யாண வூட்டுல செரிக்குது. பஸ் ஸ்டாண்டுல செரிக்குது. இந்த வூட்டுப் பாலு மட்டும் உனக்கு ஆவாது. அப்புடித்தான?

ஐஸ்வர்யா: நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க மொதல்ல அதுக்குச் சொல்லுங்க.

மேனகா: கேளு.

ஐஸ்வர்யா: அஞ்சு மாசமாப் பாக்கறேன். நீங்க ஒரு வாய் காப்பி குடிச்சு நான் பாத்ததில்ல.

மேனகா: எனக்குச் சுக்குத் தண்ணிதான் புடிக்கும்.

ஐஸ்வர்யா: உங்க பசங்க?

மேனகா: அவனுங்களுக்கு ராகி மால்ட்டு.

ஐஸ்வர்யா: பால்காரர் வூட்டுப் பேரனுங்களுக்குத் தண்ணியில கலக்குன மால்ட்டு!

மேனகா: உனக்கு வாய் நீளுது. அங்க யாரு... சரத்தா? வாங்க கொழுந்தனாரே. உங்க பொண்டாட்டி கடலையக் கறந்துட்டு இருக்கறா, கூட வந்து காலப் புடிங்க.

சரத்: அண்ணி, சொல்லிட்டீங்களா அவகிட்ட? அப்பா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு.

மேனகா: சொல்லிட்டேன். பொண்ணுக்குப் பரு வருதாம்.

சரத்: ஏ ஐசு, வெளையாடாத. இந்தா, இந்தத் தூக்குப்போசியப் புடி. செவலை மாட்டுப் பாலு. இப்பத்தான் நானே கறந்து எடுத்தாந்தேன். இத வெச்சு எடு. பயப்படாமக் குடி.

ஐஸ்வர்யா: பயப்படாமயா?

சரத்: இல்ல... கூச்சப்படாமன்னு சொல்ல வந்தேன். கேமரா முன்னாடின்னா கூச்சமா இருக்குமில்ல.

ஐஸ்வர்யா: ரெண்டு லட்சம் பேரு முன்னாடி வராத கூச்சமா?

மேனகா: தம்பி, வண்டியில ஏத்துற கேன்ல இருந்து ஒரு சொம்பு மொண்டு வந்தா ஆவாதா? லோடு நேரத்துல எதுக்கு மெனக்கெட்டு தனியாக் கறந்த?

சரத்: அது வேற அண்ணி.

மேனகா: என்ன வேற?

சரத்: அது வெளிய போறது... உங்களுக்குத் தெரியாததா? எட்டு வருசமா இந்த வூட்டுல இருக்கறீங்க. சும்மா எங்கிட்ட வாயப் புடுங்காதீங்க.

ஐஸ்வர்யா: நில்லுங்க. கல்யாணமாயி மொத மாசமே உங்ககிட்டக் கேட்டேன். அந்தப் பின்னாடி ரூம்ல எதுக்கு பால் பவுடர் மூட்டைன்னு கேட்டேன். எதுக்கு எண்ணெய் டின்னுன்னு கேட்டேன். மாட்டுத் தீவனம்னு சொன்னீங்க.

சரத்: மெதுவாப் பேசு. தெருவுக்குக் கேக்கும்.

ஐஸ்வர்யா: துணி தொவைக்கற பவுடரும் அங்கதான் இருந்துச்சு. அதுவும் மாட்டுத் தீவனமா?

சரத்: ஊருல எல்லாரும் பண்றதுதான ஐசு. கோடையில பாலு கொறஞ்சு போவுது, கடைக்காரன் கேக்கறது மட்டும் கொறையறதில்ல. நாம என்ன பண்ண? கலக்கறது அண்ணன். நான் வண்டி ஓட்டறதோட சரி.

மேனகா: அப்ப என் புருசன் கலக்கறாரு, உன் புருசன் கொண்டு போய்ச் சேக்கறாரு. நல்லாப் பிரிச்சு வெச்சிருக்கீங்க வேலைய.

சரத்: அண்ணி, நீங்களுமா? எனக்கு ஹாஸ்டல் லோடு இருக்குது, நான் கெளம்பறேன். ரீலு மட்டும் சாயங்காலம் வந்துரணும். சொல்லிட்டேன்.

ஐஸ்வர்யா: போயிட்டாரு... திரும்பிக் கூடப் பாக்கலக்கா.

மேனகா: எட்டு வருசத்துல நான் எத்தன முதுகப் பாத்திருக்கேன் தெரியுமா? உக்காரு. அழுவாத. ஐஸெல்லாம் தண்ணியாவுது பாரு.

ஐஸ்வர்யா: உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியுமா?

மேனகா: நான் வந்த புதுசுல வெறும் தண்ணிதான் ஊத்துனாங்க. தண்ணி தானன்னு விட்டேன். அப்பறம் பவுடரு வந்துச்சு. ஒரு நாள் ஏங்க இப்புடின்னு கேட்டேன். அவரு சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சாரு. பசங்களுக்கு மால்ட்டு வாங்கிக் குடுத்துட்டு, நானும் வாய மூடிக்கிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

ஐஸ்வர்யா: ஊருக்குப் போற பாலு எக்கேடோ கெடட்டும்னு விட்டுட்டீங்க.

மேனகா: நீ மட்டும் என்ன பண்ணுன? கடலை ஊறப் போட்ட. அதுலயும் கொடி மாதிரி டிசைன் வேற.

ஐஸ்வர்யா: அதையும் சொல்லிக் காட்டறீங்களாக்கா?

மேனகா: கோவிச்சுக்காத. எனக்குச் சொல்லிக்கிட்டதுதான் அது. என் அண்ணன் மவ கனிமொழி இருக்கறாளே...

ஐஸ்வர்யா: பாப்பிரெட்டிப்பட்டிப் புள்ளையா? எங்க கல்யாணத்துல ஆடுனாளே?

மேனகா: அவளேதான். இந்த வருசம், சரத்து இப்ப லோடு கொண்டு போறானே, அந்த ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க. எனக்குத் தெரியாது. போன வாரம் போன் பண்ணுறா. 'அத்த, காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் உங்க பாலுதான். எங்க அத்த வூட்டுப் பாலுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். வயிறு வலிக்குதுன்னு சில பேரு ஊத்திடறாங்க, நான் மட்டும் ஊத்தவே மாட்டேன் அத்த'ங்கறா.

ஐஸ்வர்யா: அய்யோ... நீங்க என்ன சொன்னீங்க?

மேனகா: என்னத்தச் சொல்ல? குடிக்காத கண்ணுன்னேன். ஏன் அத்தன்னா. போன வெச்சுட்டு அந்தாண்ட போய் உக்காந்தேன்.

ஐஸ்வர்யா: அக்கா, நான் ஒண்ணு சொன்னா மாமாகிட்டப் போய்ச் சொல்லிருவீங்களா?

மேனகா: நான் அவரு அனுப்பி வந்தவதான. யோசிச்சுச் சொல்லு.

ஐஸ்வர்யா: நீங்க சொன்னாலும் சரி, என்னால உள்ள வெச்சுக்க முடியல. பத்து நாளைக்கு முன்னாடி விடியக்காலைல அந்த ரூம் ஜன்னல்ல போன வெச்சு வீடியோ எடுத்தேன். உங்க வூட்டுக்காரரு கலக்கறது, இவரு கேன மூடி வண்டியில ஏத்தறது, எல்லாமே இருக்குது. நாலு நிமிசம். தெனமும் போடலாம்னு எடுப்பேன். இவரு மூஞ்சி தெரியுதேன்னு வெச்சிருவேன். அதுக்குப் பதிலாத்தான் இந்த மாட்சாவப் போட்டேன். யாராச்சும் ஒருத்தர், 'பால்காரர் வூட்டுல ஏம்மா கடலைப்பாலு'ன்னு கேக்க மாட்டாங்களான்னு...

மேனகா: கேட்டது தமிழ்மணி ஒருத்தன்தான். அவன் பாலுல என்ன கலக்கறானோ.

ஐஸ்வர்யா: வெளையாட்டு வேணாங்க்கா. நான் அந்தச் செவலைப் பாலக் கூட கேமரா முன்னாடி குடிக்க மாட்டேன். அதக் குடிச்சுக் காட்டுனா, ஊரே நம்பி அந்தக் கலப்படப் பாலக் குடிக்கும். மாமா என்னை எங்கம்மா வூட்டுக்கு அனுப்புனாலும் பரவாயில்ல. போய்ச் சொல்லிருங்க.

மேனகா: அந்த வீடியோவ வேற யாருக்காச்சும் காட்டுனியா?

ஐஸ்வர்யா: யாருக்கும் இல்ல. அழிக்கச் சொல்லுவீங்களா?

மேனகா: அழிச்சுக் கிழிச்சுடாத, மொதல்ல என் நம்பருக்கு அனுப்பு. நீ அந்தப் பாலக் குடிச்சிருந்தா ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சுப் போயிருப்பேன்... கனிமொழி போன் பண்ண அன்னிக்கே உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதிப் போட்டது நாந்தான்டி. நாளைக்கு விடியக்காலைல, வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி வராங்களாம்.