கண்ணாடிக்குள் பூட்டிய சுருதி

இசைக்குழுவின் ஏந்தலே, பணி நிறைவு பெறும் பண்பாளரே, எங்கள் மேலாளர் அவர்களே!

இக்குழுவின் பார்வையற்ற இசைஞர்களாகிய நாங்கள், கூடி நின்று கைகூப்பிக் கூறும் பாராட்டு இது. புள்ளி எழுத்தில் எழுதியதும் நாங்களே, விரலால் தடவிப் படிப்பதும் நாங்களே. ஆகவே தங்கள் திருத்தத்துக்கு முன்கூட்டி அனுப்ப இயலவில்லை, பொறுத்தருள்க.

கருணைக் கடலே! சுருதி சேர்க்க அதிரும் கருவி கேட்டோம். வாத்தியத்தின் கழுத்தில் கவ்வ வைத்தால், சுருதி இறங்கினால் ஒருமுறையும் ஏறினால் இருமுறையும் விரலடியில் துடிக்கும், சேர்ந்துவிட்டால் அடங்கும். கேட்டதும் வாங்கினீர்கள், வாங்கிய அன்றே வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். வந்த விருந்தினரெல்லாம் அதைப் பார்த்துத் தங்களை மெச்சினார்கள்.

கையில் தாருங்கள் என்று கேட்டபோதெல்லாம், "கண்ணு தெரியாதவங்களுக்குக் காது கூர்மையாச்சே, உங்களுக்கு எதுக்கு இது?" என்று தேனொழுகச் சொன்னீர்கள். கூர்மைதான், ஐயா. ஆனால் அறையில் சேர்த்த சுருதி மேடை விளக்கின் சூட்டில் இறங்கிவிடும். குழு முழுவதும் ஒரே நேரத்தில் தந்தி மீட்டும் இரைச்சலில் தன் தந்தி தனக்கே கேட்காது. கண்ணுள்ளவர்கள் தத்தம் சுருதிக் கருவியில் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டார்கள்; எங்கள் வயலின்காரத் தங்கை குத்துமதிப்பாக முறுக்கினாள். ஆண்டு விழாவில் அவளுடைய தனி வாசிப்பின் முதல் இழுப்புக்கே சபை சிரித்தது.

நீதியின் நிலைக்களனே! மறுநாளே அவளை மேடையிலிருந்து இறக்கி, வரவேற்பறையில் தொலைபேசி எடுக்க உட்கார வைத்தீர்கள். அந்த நாற்காலி அலமாரிக்கு எதிரில்தான் கிடக்கிறது. "நானும் அதுவும் ஒரே ரூம்லதான் இருக்கோம், நடுவுல ஒரு கண்ணாடிதான்" என்று அவள் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

தாங்கள் உடல்நலமும் மனநலமும் ஓங்க, நூறாண்டும் அதற்கு மேலும் வாழ்க! இம்மடலையும் படித்து முடித்ததும் தங்கள் வழியிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தருகிறோம். புள்ளிகளைத் தங்களுக்குப் படிக்கத் தெரியாது. கண்ணாடிமேல் தடவி எங்களாலும் படிக்க முடியாது. சுவரில் மாட்டிவிடுங்கள், வருகிறவர்கள் மெச்சுவார்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். வரும் ஞாயிறன்று தங்கைக்கு மேடை தரப் புதிய மேலாளர் இசைந்துவிட்டார். அலமாரிச் சாவி எங்கே என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. தாங்கள் மேடையேறியபோது தங்கள் சட்டைப்பையில் அது குலுங்கியது கேட்டிருக்கும். எங்களுக்குத்தான் காது கூர்மையாச்சே.

இங்ஙனம்,
சாவிக்காகக் கை நீட்டி நிற்கும்
தங்கள் இசைஞர்கள்