கிணற்றடிக் கமரா

— தேத்தண்ணியைப் பிறகு குடிக்கலாம். பொட்டை ஏன் அடைச்சனீர்? முதல் அதைச் சொல்லும்.

— எந்தப் பொட்டு மாமா? செல்வநாயகி அக்கா வீட்டு வேலிப் பொட்டு அப்பிடியே கிடக்குது. ஆக்கள் பூந்து போய் வருகினம்தானே.

— அதில்லைக் காணும். இந்தப் போனுக்கை கிடந்த பொட்டு. என்ரை பிள்ளை பிரசாந்தி வைச்சுத் தந்தது. மயிலிட்டியிலை இருந்துகொண்டு உங்கடை கிணத்தடியைப் பாப்பன். முந்தநாள் தொடக்கம் ஒரே கறுப்பு.

— ஓ, கமராவோ.

— ஓ கமராவோ! விடிய முதல் பஸ்ஸிலை ஏறி வாறன். பெண் குடுத்த வீடு. பிள்ளை போயிட்டாள். பொட்டை அடைக்கிறதுக்கு என்ன கருத்தெண்டு ஊரிலை ஆரையும் கேளும். உறவு வேண்டாமெண்டால் நேரை சொல்லும், மயூரதன்.

— நான் அடைக்கேல்லை மாமா. மின்னலிலை பழைய ரூட்டர் எரிஞ்சுபோச்சு. கொம்பனிக்காரர் வந்து புதுசு பூட்டினவை. அவ்வளவுதான்.

— புதுசெண்டால் இன்னும் வடிவாயெல்லோ தெரியவேணும்?

— ரூட்டரைப் படலையிலை நிக்கிற காவல்காரன் எண்டு வையுங்கோ. வெளியாலை பாத்தால் இந்த வீட்டுக்கு ஒரு விலாசம்தான். உள்ளுக்கை கமரா, டீவி, என்ரை லப்டொப். நாங்கள் கேட்டு விட்டதுக்கு மறுமொழி வந்தால் உள்ளுக்கை விடுவான். கேக்காமல் வாறவையை விடான்.

— அப்ப நான் கேக்காமல் வாற ஆளோ?

— அவனுக்கு அப்பிடித்தான்.

— முந்தி எப்பிடிக் காணும் விட்டவன்?

— உங்கடை போன் ஒரு இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு வரும். போர்ட் இலக்கம். அதைச் சொல்லி ஆர் வந்தாலும் கமராவிட்டை அனுப்பு எண்டு பிரசாந்தி பழையவனுக்குச் சொல்லி வைச்சவ. புதியவனுக்கு ஒருதரும் சொல்லேல்லை.

— நீர் சொல்லுமன்.

— திறந்து விட்டால் உலகத்திலை ஆரும் வந்து தட்டலாம் மாமா.

— பாஸ்வேட் போடும். எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீர்? முந்தி ‘கீரி’ எண்டு கிடந்தது.

— அது காணாது. நல்லதாய் ஒண்டு போடவேணும்.

— கோழி பிடிக்க வாற கீரியைப் பாக்கத்தானே கமரா வைச்சவள். கண்டவளோ?

— ஒருக்கா வால் தெரிஞ்சது.

— வாலுக்கு இவ்வளவு செலவு! சரி, நான் கொண்டந்த பாரை மீனை எடுத்து வையும், பழுதாப் போகும். அடுப்பு மூட்டுறனீரோ?

— கடையிலை எடுப்பன்.

— கேட்டால் கடை எண்டுவீர்.

— மாமா, இப்ப கோழியும் இல்லை. பிரசாந்தியின்ரை அந்தியேட்டிச் சடங்கு முடியச் செல்வநாயகி அக்காட்டைக் குடுத்திட்டன். கிணத்துக்கட்டும் வாளியும்தான் கிடக்குது. என்னத்தைப் பாக்கப்போறியள்?

— நீர் திறவும்.

— சரி. கமராவின்ரை உள் விலாசம் மாறாமல் கட்டியாச்சு. இலக்கமும் குடுத்து, பாஸ்வேட்டும் மாத்தியாச்சு. போனைத் தாங்கோ, வைஃபையை நிப்பாட்டவேணும்.

— அதேன்?

— உள்ளுக்கை நிண்டு பாத்தால் வெளியாலை திறந்திருக்கோ எண்டு தெரியாது. உங்கடை டேட்டாவிலை பாப்பம்.

— வருதே?

— வந்திட்டுது. கிணத்தடி. இனி மயிலிட்டியிலையும் வரும்.

— அப்பாடா. அந்தச் செல்வநாயகி நல்ல மனுசி காணும். அண்டைக்குப் பொழுதுபட இஞ்சாலை வந்தவளெல்லோ?

— ஓம். சீனி கேட்டுப் பொட்டாலை ஓடி வந்தவ. மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டவ. போகவும் இல்லை, கன நேரம் கதைச்சுக்கொண்டு இருந்தவ. சீனிக்கு ஏன் அப்பிடி ஓடினவவோ தெரியேல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது?

— ஒருதரும் சொல்லேல்லை. நீர் கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டதைக் கண்டிட்டு அவளுக்குப் போன் அடிச்சது நான்தான், தம்பி.