காய் பிடிக்கிற நேரம்

— இனிமே மருந்து அடிச்சா பிரயோஜனமே இல்லையாம்மா?

— காயைப் பிதுக்கிப் பாரு. உள்ள பருப்பு இருக்கா?

— மூணு இருக்கவேண்டிய எடத்துல ஒண்ணு. அதுவும் சப்பை.

— இலை?

— பாதிக்கு மேல உதிர்ந்துபோச்சு.

— அப்புறம் மருந்து அடிச்சு எதைக் காப்பாத்தப் போற? சோயாவுக்குக் காய் பிடிக்கிறப்பவே அடிச்சிருக்கணும்.

— அப்பதானேம்மா உன்கிட்ட வந்து நின்னேன். மழை விடாம பேயுது, அடி இலையில புள்ளி விழுந்திருக்குன்னு சொன்னேன். டிராக்டர்ல டேங்கைக்கூட மாட்டிட்டேன். நீதான் பொறு, வெயில் வந்தா சரியாயிடும், மருந்து தண்டம்னு சொன்ன.

— சொன்னேன்.

— வரப்புக்கு அந்தப்பக்கம் தம்பி வயல் பச்சைப்பசேல்னு நிக்குது. ஒரே விதை, ஒரே நாள்ல விதைச்சோம். அவனை மட்டும் அடிக்கச் சொன்னியா?

— அவன்கிட்டயும் பொறுன்னுதான் சொன்னேன்.

— பொய் சொல்லாத.

— வார்த்தைக்கு வார்த்தை அதேதான். சரிம்மான்னு தலையாட்டிட்டுப் போனான். போயி நாலு செடியைப் பிடுங்கிப் பாத்திருக்கான். காத்து அடங்கினதும் அடிச்சு முடிச்சுட்டான். எங்கிட்ட வந்து சொல்லக்கூட இல்ல.

— அப்ப... தெரிஞ்சேதான் தப்பா சொன்னியா?

— மழையும் புள்ளியும் சேர்ந்தா அடிக்கணும்னு எனக்குத் தெரியாதா? இந்த மண்ணுலயே கெடந்தவ பாரு நான்.

— இந்த வருஷ வெள்ளாமைம்மா. நானும் என் வீட்டுக்காரரும் முட்டிக்கால் சேத்துல நின்னு களை எடுத்தது.

— அதுக்கென்ன பண்றது. ஆளுக்கொரு வயல் குடுத்து, நல்லா விளைய வைக்கிறவங்களுக்கு ரெண்டு வயலும்னு முன்னாடியே சொன்னேன்ல.

— உன் பேச்சை நம்புனேன். அது ஒரு குத்தமா?

— வயலுக்குக் குத்தம். உன் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னதும் கண்ணை மூடிக்கிட்ட. நான் செத்தப்புறம் யார்கிட்ட போய் கேப்ப?

— சரி. நிலம் அவனுக்கு. அவ்வளவுதானே.

— அவ்வளவுதான். அறுப்பு முடிஞ்சதும் உன் வீட்ல அந்தப் பின்பக்க ரூமை ஒழிச்சு வை.

— எதுக்கு?

— நான் வந்து இருக்கத்தான்.

— ஏன், நிலத்தை வாங்கிக்கிறவன் வீட்ல இருக்கவேண்டியதுதானே?

— அவன் என் பேச்சைக் கேக்கமாட்டான்.